என்.பி.ஏ. வாசலை மிதிக்காத சாம்பியன்: கைல் ஹைன்ஸும் கடல் கடந்த கூடைப்பந்தும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்து என்றதும் நம் விளையாட்டுப் பக்கங்கள் அந்நாட்டின் முதன்மையான தொழில்முறை லீகான என்.பி.ஏ.வோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான அமெரிக்க வீரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இத்தாலி, துருக்கி, இஸ்ரேல், சீனா, ஆஸ்திரேலியா என்று புறப்பட்டுப் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் ஊருக்குத் தெரியாது. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது, பணம் எப்படி வருகிறது, திரும்பி வர வழி உண்டா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே ஆளை வைத்துத்தான் விளக்குவேன். அவர் கைல் ஹைன்ஸ். ஐரோப்பிய ஆட்டங்களை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்க்கும் வழக்கம் எனக்கு வந்ததற்கும் அவர் ஒரு காரணம். அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இந்தக் கைல் ஹைன்ஸ்?

1986 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள கேம்டன் நகரில் பிறந்தவர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்போரோ கல்லூரி அணிக்கு ஆடினார். 2008இல் தொழில்முறை வீரரானவர், 2024இல் ஓய்வு பெற்றார். இந்தப் பதினாறு பருவங்களும் ஐரோப்பாவில்தான். இத்தாலியின் வெரோலியில் இரண்டு, ஜெர்மனியின் பாம்பெர்க்கில் ஒன்று, கிரீஸின் ஒலிம்பியாகோஸில் இரண்டு, சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவில் ஏழு, இத்தாலியின் ஒலிம்பியா மிலானோவில் நான்கு.

ஐரோப்பாவின் தலைசிறந்த கிளப்புகள் மோதும் யூரோலீக் கோப்பையை நான்கு முறை வென்றார்: 2012, 2013, 2016, 2019. அந்தப் போட்டியின் சிறந்த தற்காப்பு வீரர் விருது மூன்று முறை அவருக்குக் கிடைத்தது. என்.பி.ஏ.வில் அவர் ஆடிய பருவ ஆட்டங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

கல்லூரியில் சாதித்தவர் என்கிறார்கள். பிறகு ஏன் என்.பி.ஏ. அவரை எடுக்கவில்லை?

அவருடைய கல்லூரிக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் வலிக்கும். 2,000 புள்ளிகள், 1,000 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தடுத்துத் தட்டிவிடுவது) மூன்றையும் ஒருசேரத் தாண்டியவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பின்னாளில் என்.பி.ஏ. ஜாம்பவான்களான டிம் டங்கன், டேவிட் ராபின்சன், அலோன்சோ மோர்னிங் ஆகியோர் இருக்கும் அந்தப் பட்டியலில் ஹைன்ஸின் பெயரும் இருக்கிறது.

தடையாக நின்றது உயரம். அவர் 1.98 மீட்டர், அதாவது 6 அடி 6 அங்குலம். நம் கண்ணுக்கு அது மலை. ஆனால் அவர் ஆடியது கூடைக்கு அடியில் நிற்கும் சென்டர் இடத்தில். என்.பி.ஏ.வில் அந்த இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் 2.10 மீட்டரை ஒட்டி இருந்த காலம் அது. வெளியே வந்து, பந்தை நடத்திச் செல்லும் கார்டாக ஆடலாம் என்றால் தூரத்திலிருந்து எறியும் வீச்சு அவரிடம் இல்லை. சென்டருக்குக் குள்ளம், வெளியே ஆட வீச்சு போதாது: இந்த இரண்டு வரிகளோடு அவருடைய கோப்பு மூடப்பட்டது. என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2008இல் 60 பெயர்கள் அழைக்கப்பட்டன. அவர் பெயர் அதில் இல்லை.

இதில் என்.பி.ஏ. தேர்வாளர்களை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. 30 அணிகள், அணிக்கு 15 இடம் என்றால் மொத்தம் 450 பேர். உலகம் முழுவதிலுமிருந்து அந்த 450க்கு வரிசை நிற்கிறது. நல்ல வீரர்கள் வெளியே நிற்பதைத் தவிர வேறு வழி அங்கே இல்லை. அப்படி வெளியே நிற்கும் வீரரைத் தோற்றவர் என்று எழுதுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டு கிளப் எப்படி ஒரு கல்லூரி வீரரைக் கண்டுபிடிக்கிறது?

ஏஜென்ட் வழியாக. கல்லூரிப் பருவம் மார்ச் வாக்கில் முடிந்ததும் வீரர் ஓர் ஏஜென்டுடன் கையெழுத்திடுவார். அந்த ஏஜென்டுக்கு இத்தாலியிலோ ஜெர்மனியிலோ ஒரு கூட்டாளி இருப்பார். ஆட்ட வீடியோக்கள் கைமாறும். கோடைக்காலத்தில் என்.பி.ஏ. அணிகள் நடத்தும் சம்மர் லீக்கில் ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் அரங்கில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். என்.பி.ஏ. இடம் கிடைக்காது என்று தெரியும் நேரத்தில் ஐரோப்பிய கிளப்பின் அழைப்பு வரும். யோசிக்கச் சில நாட்கள்தான் கிடைக்கும். ஆகஸ்டில் பயிற்சி முகாம் தொடங்கிவிடும்.

காகித வேலையும் உண்டு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும் எந்த வீரருக்கும், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி, பழைய நாட்டுச் சங்கத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது வராமல் களம் இறங்க முடியாது. விசா, மருத்துவச் சோதனை எல்லாம் அதற்குப் பக்கத்திலேயே ஓடும். மருத்துவச் சோதனையில் முழங்காலில் ஏதாவது தெரிந்துவிட்டால், வந்த விமானத்திலேயே திரும்ப வேண்டிய நிலை வரலாம்.

வெரோலி என்பது எங்கே இருக்கிறது?

ரோமுக்குத் தென்கிழக்கே, ஃப்ரோசினோனே மாவட்டத்தில், மலைமேல் அமைந்த பழைய ஊர். மக்கள்தொகை சுமார் 20,000. அந்த ஊர் அணி இத்தாலியின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. உலகக் கூடைப்பந்தின் படிக்கட்டில் முதல் படி என்றுகூட அதைச் சொல்ல முடியாது. படிக்கட்டுக்குப் போகும் பாதை என்று சொல்லலாம். ஹைன்ஸ் அங்கே இரண்டு பருவம் இருந்தார்.

இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வெளிநாடு போகும் இளம் அமெரிக்கர்களில் கணிசமானோர் முதல் வருடத்திலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். மொழி தெரியாது, கடை மதியம் சாத்தியிருக்கும், பயிற்சியாளர் இரண்டு வேளை பயிற்சி வைப்பார், அணித்தோழர்களில் பாதிப் பேர் முப்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள். கல்லூரியில் அரங்கம் நிறைய ஆட்களைப் பார்த்துப் பழகியவருக்கு இது பெரிய இறக்கம். அதில் தங்கி நின்று ஆட்டத்தைக் கற்றுக்கொள்பவர்களுக்கே அடுத்த கதவு திறக்கிறது.

ஐரோப்பிய ஆட்டம் என்.பி.ஏ. ஆட்டத்திலிருந்து அவ்வளவு வேறுபட்டதா?

ஆம். முதலில் விதிகள். என்.பி.ஏ.வில் ஆட்டம் 48 நிமிடம். ஃபிபா விதியில் 40. அங்கே ஆறாவது ஃபவுலில் வெளியேற வேண்டும், இங்கே ஐந்தாவதிலேயே. மூன்று புள்ளிக் கோடு அங்கே நடுவில் 7.24 மீட்டர், இங்கே 6.75 மீட்டர். கூடையின் வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை இங்கே யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம், என்.பி.ஏ.வில் அது குற்றம். எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு, கூடைக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதியில் தற்காப்பு வீரர் மூன்று வினாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது என்ற என்.பி.ஏ. விதி ஐரோப்பாவில் இல்லை. அதனால் உள்ளே எப்போதும் நெரிசல். ஒற்றை ஆளாகப் பந்தைத் தட்டிக்கொண்டு கூடைவரை ஓடிவிடலாம் என்று நினைத்து வரும் அமெரிக்க இளைஞர்கள் முதல் மாதத்திலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். இங்கே உடல் வேகத்துக்கு முன்னால் புத்தி வேகம் வேண்டும்.

இரண்டு மீட்டர்கூட இல்லாத ஒருவர் எப்படி சென்டராக ஆடினார்?

இதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். அவர் ஆட்டம் எதைப் பார்த்தாலும் பத்து முறையாவது வரும்.

எதிரணியின் கார்டு பந்தோடு வருகிறார். அவருக்கு உதவியாக அவருடைய அணியின் உயரமான சென்டர் வந்து மதில்போல் நிற்கிறார். கார்டு அந்த மதிலை உரசிக்கொண்டு திரும்புகிறார். துரத்தி வந்த தற்காப்பு வீரர் மதிலில் மோதி அரைக் கணம் தங்கிவிடுகிறார். இதுதான் பிக் அண்ட் ரோல். கூடைப்பந்தில் பாதி ஆட்டம் இந்த அரைக் கணத்தைச் சுற்றியே நடக்கிறது. வழக்கமான உயரமான சென்டர் என்றால் பின்வாங்கிக் கூடைக்கு அடியில் போய் நிற்பார். கார்டு நிதானமாக நின்று மூன்று புள்ளி எறிவார்.

ஹைன்ஸ் பின்வாங்க மாட்டார். இரண்டு எட்டில் வெளியே வந்து அந்தக் கார்டின் முன்னால் இடுப்பைத் தாழ்த்தி நிற்பார். கைகள் விரிந்திருக்கும்; அவருடைய கை நீளம் உயரத்தைவிட மிக அதிகம். கார்டு இடது பக்கம் ஏமாற்றுவார். கால் நகரும், உடம்பு விழாது. வலது பக்கம் வெட்டுவார்; அங்கேயும் அதே மார்பு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். 24 வினாடியில் எறிந்தாக வேண்டும் என்பதால், கடைசியில் கார்டு சமநிலை இல்லாமல் ஏதோ ஒன்றை எறிவார். இதற்குள் எதிரணி சென்டர் கூடைக்கு அடியில் குட்டையான ஒரு வீரரோடு நிற்கிறாரே, அங்கே பந்தைக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்க முயன்றால் பாதி வழியில் ஹைன்ஸின் கை இருக்கும்.

குள்ளம் என்று ஒதுக்கப்பட்ட உடம்புதான் இதைச் சாத்தியமாக்கியது. தரைக்கு நெருக்கமாக இருப்பவரால்தான் இவ்வளவு வேகமாகத் திசை மாற முடியும். கூடைக்கு அடியில் தன்னைவிடப் பதினைந்து சென்டிமீட்டர் உயரமானவரோடு மல்லுக்கட்டும்போதும், முதலில் இடத்தைப் பிடித்துக்கொண்டு முதுகால் தள்ளி நிறுத்தும் வலிமை அவருக்கு இருந்தது. சில வருடங்கள் கழித்து என்.பி.ஏ.வும் சிறிய சென்டர்களை வைத்து இதே முறையை ஆடத் தொடங்கியது. 2008இல் அந்தப் பார்வை அங்கே இல்லை.

பாம்பெர்க்கில் ஒரே வருடம்தானே? அது ஏன் பேசப்படுகிறது?

2010–11 பருவத்தில் அந்த பவேரிய நகரின் அணி ஜெர்மன் லீகையும் கோப்பையையும் வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஹைன்ஸ். அவர் கிளம்பிப் போன அடுத்த பருவத்தில் அதே அணிக்கு வந்த இன்னொரு அமெரிக்கர் பி.ஜே. டக்கர். அவரும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானார். இரண்டு பேருமே உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்ட முரட்டுத் தற்காப்பு வீரர்கள். அங்கிருந்து டக்கரின் பாதை வேறு திசையில் திரும்பியது. அதைக் கீழே சொல்கிறேன்.

2012 இஸ்தான்புல் இறுதிப் போட்டியில் அப்படி என்ன நடந்தது?

அன்று ஒலிம்பியாகோஸ் வெல்லும் என்று நினைத்தவர்கள் குறைவு. கிரீஸ் பொருளாதார நெருக்கடியில் இருந்தது. கிளப் செலவைச் சுருக்கி, இளைஞர்களையும் ஹைன்ஸ் போன்ற அதிகம் அறியப்படாதவர்களையும் வைத்து அணி கட்டியிருந்தது. எதிரே சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ. ஆந்திரே கிரிலென்கோ, மிலோஷ் தியோதோசிச், நெனாத் கிர்ஸ்டிச் என்று ஐரோப்பாவின் மிக விலையுயர்ந்த அணி.

மூன்றாவது கால்பகுதியில் சி.எஸ்.கே.ஏ. 53–34 என்று முன்னிலையில் இருந்தது. 19 புள்ளி வித்தியாசம். அதன்பிறகு பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச்சின் பையன்கள் தற்காப்பை இறுக்கினார்கள். மாஸ்கோ அணியால் கூடையைப் பார்க்கவே முடியவில்லை. ஒவ்வொரு புள்ளியாக இடைவெளி தேய்ந்தது. பத்து வினாடி வாக்கில் மிச்சமிருந்தபோது 61–60. ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில், சி.எஸ்.கே.ஏ.வுக்காக லிதுவேனியாவின் ராமூனஸ் ஷிஷ்கௌஸ்காஸ் நின்றார். ஐரோப்பாவிலேயே நிதானமானவர் என்று பெயர் எடுத்தவர். இரண்டையும் தவறவிட்டார். பந்து வாசிலிஸ் ஸ்பனுலிஸ் கைக்குப் போனது. அவர் கூடையை நோக்கிப் பாய, எல்லாக் கண்களும் அவர்மேல். கடைசிக் கணத்தில் பந்தை யோர்கோஸ் பிரின்டெசிஸிடம் நழுவவிட்டார். பிரின்டெசிஸ் ஒற்றைக் கையால் உயரே தூக்கிவிட்டார். பந்து வலையில் விழுந்தபோது கடிகாரத்தில் 0.7 வினாடி. 62–61.

ஹைன்ஸின் முதல் ஐரோப்பியப் பட்டம் அது. மலையூர் அணியிலிருந்து கிளம்பி இரண்டே வருடம். அடுத்த ஆண்டு லண்டனில் ரியல் மாட்ரிட்டை 100–88 என்று வென்று ஒலிம்பியாகோஸ் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

தோற்கடித்த அணிக்கே போய்ச் சேர்ந்தாரா?

ஆம். 2013இல் சி.எஸ்.கே.ஏ. அவரை அழைத்துக்கொண்டது. ஏழு பருவம் அங்கே. ரஷ்யாவும் அண்டை நாடுகளும் சேர்ந்து ஆடும் வி.டி.பி. லீகில் ஆறு பட்டங்கள் கிடைத்தன. ஆனால் யூரோலீகில் அந்த ஆண்டுகள் எளிதாக இல்லை. 2014 அரையிறுதியில் மக்காபி டெல் அவீவிடம் ஒரே புள்ளியில் தோல்வி. 2015 அரையிறுதியில் அவருடைய பழைய ஒலிம்பியாகோஸிடமே இரண்டு புள்ளியில் தோல்வி. 2016இல் பெர்லினில் பட்டம் வந்தது. அதுவும் ஃபெனர்பாசேயிடம் பெரிய முன்னிலையைத் தொலைத்து, விக்டர் கிரியாபா கடைசி நொடிகளில் தட்டிவிட்ட பந்தால் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 101–96 என்று வந்தது. 2017இலும் 2018இலும் மறுபடி அரையிறுதித் தோல்வி. 2019இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91–83 என்று வென்று நான்காவது பட்டம்.

ஓர் எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 முதல் 2021 வரை, கொரோனாவால் ரத்தான 2020ஐத் தவிர, யூரோலீகின் இறுதி நான்கு அணிகள் மோதும் வார இறுதி ஒன்பது முறை நடந்தது. ஒன்பதிலும் ஹைன்ஸ் இருந்தார், மூன்று வெவ்வேறு கிளப்புகளின் சட்டையில்.

சம்பளம் எப்படி?

கிளப்புக்குக் கிளப், நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரண்டாம் பிரிவு அணியில் ஒரு புதியவருக்குச் சில ஆயிரம் டாலர் மாதச் சம்பளம். யூரோலீகின் முன்னணி நட்சத்திரங்களுக்கு ஆண்டுக்குப் பல லட்சங்களைத் தாண்டி மில்லியன்களில். அமைப்பு மட்டும் பெரும்பாலும் ஒன்றே. ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகை வரி போகக் கைக்கு வருவது. உள்ளூர் வரியைக் கிளப் கட்டும். வீடு, கார், ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் எல்லாம் கிளப் பொறுப்பு. ஏஜென்டின் பங்கையும் வழக்கமாகக் கிளப்பே தருகிறது. பருவம் நடக்கும் பத்து மாதங்களுக்குத் தவணையாகச் சம்பளம் வரும்; கோடையில் வராது.

2008இல் ஜோஷ் சில்ட்ரஸ் செய்தது பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. என்.பி.ஏ.வின் அட்லாண்டா ஹாக்ஸ் அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர், வரி போக சுமார் 20 மில்லியன் டாலருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஒலிம்பியாகோஸுக்குப் போனார். இடம் கிடைக்காதவர்கள்தான் ஐரோப்பா போவார்கள் என்ற பேச்சு அந்தக் கோடையில் ஆட்டம் கண்டது.

சம்பளம் தராமல் ஏமாற்றினால்?

நடக்கிறது, நிறையவே நடந்திருக்கிறது. அந்நிய நாட்டு நீதிமன்றத்தில், தெரியாத மொழியில், வருடக்கணக்கில் அலைவதைவிட விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனவர்கள் பலர். இதை மாற்ற ஃபிபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டது. வழக்கு ஆங்கிலத்தில் நடக்கும். எந்த நாட்டுச் சட்டத்தையும் இழுத்துப் பிடிக்காமல், நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு வழங்கப்படும். தீர்ப்பின்படி பணம் தராத கிளப் புதிய வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை விதிக்கலாம். அதனால்தான் இன்று ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று ஏஜென்டுகள் முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொரு வகைத் துயரத்துக்கு மன்றம் உதவாது. அணி தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால், முதலில் பார்வை விழுவது அமெரிக்கர்மேல்தான். நவம்பரில் ஒப்பந்தம் முறிந்து, ஈட்டுத் தொகையோடு விமானம் ஏறுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

ஓர் அணியில் எத்தனை அமெரிக்கர்கள் ஆடலாம்?

யூரோலீகில் நாட்டுக் கணக்கு இல்லை. ஆனால் உள்நாட்டு லீகுகளில் உண்டு. ஜெர்மனியில் ஆட்டத்துக்கான 12 பேரில் பாதிப் பேர் ஜெர்மானியர்களாக இருக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் இப்படி ஏதாவது ஒரு வரம்பு இருக்கும். ஆகவே வேற்று நாட்டுக் குடியுரிமை கிடைத்தால் வீரரின் மதிப்பு கூடுகிறது.

இதில் மறக்க முடியாத ஆள் ஜே.ஆர். ஹோல்டன். பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர், பக்னெல் கல்லூரியில் படித்தவர், சி.எஸ்.கே.ஏ.வின் கார்டு. 2003இல் ரஷ்யக் குடியுரிமை பெற்றார். 2007 ஐரோப்பியச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் மாட்ரிட்டில் நடந்தது. சொந்த மண்ணில் ஸ்பெயின். கடைசி நொடிகளில் ஹோல்டன் எறிந்த பந்து வளையத்தில் உருண்டு விழுந்தது. ரஷ்யா 60, ஸ்பெயின் 59.

இந்தப் பாதையை முதலில் போட்டவர்கள் யார்?

மூன்று பேரைச் சொல்கிறேன். பில் பிராட்லி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வீரர். என்.பி.ஏ.வுக்குப் போகாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். அங்கிருந்து விமானத்தில் வந்துபோய் மிலானோ அணிக்கு ஆடி 1966இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பிறகு நியூயார்க் நிக்ஸ் அணியில் இரண்டு முறை சாம்பியன். அதற்கும் பிறகு நியூ ஜெர்சியின் செனட்டர்.

டால் பிராடி, நியூ ஜெர்சியின் டிரென்டனில் பிறந்தவர். 1965 டிராஃப்டில் எடுக்கப்பட்டவர், இஸ்ரேலுக்கு ஆடப் போய் அங்கேயே வேர்விட்டார். 1977 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் விர்டன் என்ற சிற்றூரில் மக்காபி டெல் அவீவ், சோவியத்தின் சி.எஸ்.கே.ஏ.வை 91–79 என்று வென்றது. அன்றைய அணித் தலைவர் அவர். அந்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பையும் வந்தது.

மூன்றாமவர் பாப் மெக்காடூ. என்.பி.ஏ.வில் எல்லாம் சாதித்துவிட்டு 1986இல் மிலானோ போனார். வயது 35. ஓய்வூதியம் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்தவர்களுக்கு 1987, 1988 ஆண்டுகளின் ஐரோப்பியக் கோப்பைகளைப் பதிலாகத் தந்தார்.

பள்ளி முடித்ததும் நேராக வெளிநாடு போகலாமா?

போகலாம், பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் போனார். பள்ளி முடிந்து ஓராண்டு ஆகாமல் டிராஃப்டில் நுழையக் கூடாது என்று என்.பி.ஏ. விதித்திருந்தது. அந்த ஓராண்டைக் கல்லூரியில் கழிக்காமல் ரோம் அணியில் கழித்தார். பெரும்பாலும் பெஞ்சில்தான். ஆனால் 2009 டிராஃப்டில் பத்தாவதாக எடுக்கப்பட்டு, அந்த நவம்பரிலேயே ஓர் ஆட்டத்தில் 55 புள்ளிகள் எடுத்தார். லமேலோ பால் 2019–20இல் ஆஸ்திரேலியாவின் இல்லவாரா அணியில் ஆடி, டிராஃப்டில் மூன்றாவதாகப் போனார்.

இப்போது இந்த வழியின் தேவை குறைந்துவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இன்று ஐரோப்பிய இளைஞர்களே அமெரிக்கக் கல்லூரிகளைத் தேடிப் போகிறார்கள்.

போனவர் என்.பி.ஏ.வுக்குத் திரும்ப முடியுமா?

முடியும். மேலே சொன்ன டக்கர், என்.பி.ஏ.வின் டொராண்டோ அணியில் ஒரு பருவத்தில் 17 ஆட்டம் மட்டும் ஆடி வெளியேறியவர். இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்தாண்டு சுற்றினார். 2012இல் ஃபீனிக்ஸ் அணி அழைத்தது. 2021இல் மில்வாக்கி பக்ஸ் அணியோடு சாம்பியன். ஆண்டனி பார்க்கர் மக்காபியில் 2004, 2005 கோப்பைகளை வென்றுவிட்டு 2006இல் திரும்பி, டொராண்டோவுக்காக ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் இடம் பிடித்தார்.

ஆனால் திரும்புவதையே பரிசாகவும், திரும்பாததைத் தண்டனையாகவும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டாயிரம் பேர் அரங்கில் பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வாழ்க்கை. ஏதென்ஸில் முழு அரங்கமும் எழுந்து பாட, முப்பது நிமிடம் களத்தில் நிற்பதும் ஒரு வாழ்க்கை.

பெண்கள் நிலை?

அவர்களுக்கு வெளிநாடு பல காலம் விருப்பமாக இல்லை, தேவையாக இருந்தது. சொந்த நாட்டுப் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. கோடையில் தந்த சம்பளத்தைப் போல் பல மடங்கு ரஷ்யாவிலும் துருக்கியிலும் குளிர்காலத்தில் கிடைத்தது. அமெரிக்க நட்சத்திரம் டயானா டோராசி ஆடிய ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் கிளப், அவர் ஓய்வெடுப்பதற்காகவே பணம் தந்து, 2015 அமெரிக்கப் பருவத்தை ஆடாமல் இருக்கச் செய்தது. அதே கிளப்பில் ஆடிய பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு, டிசம்பர் 8 அன்று கைதிப் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார். அந்தப் பத்து மாதங்களுக்குப் பிறகு சம்பளப் பேச்சு அமெரிக்காவில் முன்போல் இல்லை.

ஆண்கள் பக்கமும் அந்த ஆண்டு பாதிக்கப்பட்டது. உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய கிளப்புகள் யூரோலீகிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டன. அங்கிருந்த அமெரிக்கர்கள் பலர் பருவத்தின் நடுவிலேயே கிளம்பினார்கள். ஹைன்ஸ் அதற்கு முன்பே, 2020இல் மிலானோவுக்கு மாறியிருந்தார்.

மிலானோவில் கடைசி நான்கு ஆண்டுகள் எப்படி?

34 வயதை நெருங்கும்போது வந்தார். பயிற்சியாளர் எத்தோரே மெசினா. முதல் ஆண்டே அணி இறுதி நான்குக்குப் போனது. அரையிறுதியில் பார்சிலோனாவிடம் 84–82 என்று கடைசி வீச்சில் தோற்றது. 2022இல், 35 வயதில், மூன்றாவது முறையாக யூரோலீகின் சிறந்த தற்காப்பு வீரரானார். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் இத்தாலியப் பட்டம். மூன்று முறையும் எதிரே போலோன்யாவின் விர்டூஸ். 2023இல் ஏழாவது ஆட்டம்வரை போனது. 2024 பட்டம் கிளப்புக்கு 31ஆவது. அதோடு ஹைன்ஸ் காலணியைக் கழற்றினார். நியூ ஜெர்சியோடு பெயர் சேர்ந்த பிராட்லி 1966இல் கோப்பை தூக்கிய அதே கிளப் இது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

முழு ஆட்டம் பார்க்கப் பொறுமை உண்டென்றால் 2012 இறுதிப் போட்டியின் இரண்டாம் பாதி, பிறகு 2016 பெர்லின். சுருக்கக் காட்சிகளில் அவரைத் தேட வேண்டாம். அவற்றை வெட்டுபவர்கள் கூடையில் விழுந்த பந்துகளை மட்டும் சேர்க்கிறார்கள். ஒரு கால்பகுதி முழுக்கப் பந்தை மறந்துவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். எதிரணி கார்டு மதிலை உரசித் திரும்பும் முன்பே அந்தக் கால்கள் நகரத் தொடங்கியிருக்கும்.